உள்ளூர் நிறுவனங்களோடு சேர்ந்து தொழிற்கல்வியைத் திட்டமிடுதல்: சேலம் மாவட்டத்துக்கான கேள்விகளும் பதில்களும்

இந்தப் பதில்கள் யாருக்காக?

சேலம் மாவட்டத்தில் புதிதாக ஒரு தொழிற்பிரிவைத் தொடங்கவோ, இருக்கும் பிரிவைத் திருத்தியமைக்கவோ எண்ணும் ஐ.டி.ஐ. முதல்வர்கள், பாலிடெக்னிக் துறைத் தலைவர்கள், மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டவை. ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவரும் தொழில் சங்க நிர்வாகிகளும் படிக்கலாம். பெற்றோருக்கும் ஓரிரு பதில்கள் உண்டு.

ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறோம். நிறுவனங்கள் வருகின்றன, ஆள் எடுக்கின்றன. அதற்கு மேல் அவர்களை எதற்காக அழைக்க வேண்டும்?

முகாம் நடப்பது படிப்பு முடிந்த பிறகு. அங்கே வரும் நிறுவனம், இருப்பவர்களில் தனக்கு ஒத்துவருபவரைப் பொறுக்கிக்கொள்கிறது; இரண்டு ஆண்டுகளாக என்ன கற்பித்தோம், எதைக் கற்பிக்காமல் விட்டோம் என்பதில் அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதும், பட்டறையில் எந்த இயந்திரத்தை வாங்குவது என்று முடிவெடுக்கும்போதும், மாணவர் எத்தனை வாரம் வெளியே சென்று பழக வேண்டும் என்று வகுக்கும்போதும் நிறுவனம் உடனிருந்தால்தான் அதைத் திட்டமிடல் என்று சொல்ல முடியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நிறுவனங்களிடம் கருத்துக் கேட்பது எளிது. அவர்களும் தாராளமாகச் சொல்வார்கள். கேட்க வேண்டியது கருத்தை அல்ல. எத்தனை பேரைப் பழகுநராக (அப்ரண்டிஸாக) எடுப்பீர்கள், எந்த இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் நிற்க விடுவீர்கள், உங்கள் ஃபோர்மேனை மாதத்தில் எத்தனை நாள் அனுப்புவீர்கள், என்ன சம்பளத்தில் தொடங்குவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கோரிக்கையை வெவ்வேறு இடங்களில் எப்படி முன்வைப்பது என்பதைப் பற்றியவையே.

சேலத்தில் எந்தத் தொழில்களை மனத்தில் வைத்துத் திட்டமிடுவது?

மாவட்டத்தை ஒரே வேலைச் சந்தையாக எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலை, மேச்சேரி அருகே பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை, 840 மெகாவாட்டும் 600 மெகாவாட்டுமாக இரண்டு பிரிவுகளைக் கொண்ட மேட்டூர் அனல் மின் நிலையம், மேட்டூரின் இரசாயன ஆலைகள் ஆகியவை ஒரு வகை. இவற்றில் ஆட்கள் எடுக்கும் முறை ஒழுங்குபட்டது. பராமரிப்பு ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கருவியியல் தொழில்நுட்பர் என்று அவர்கள் சொல்லும் பெயர்களும் ஐ.டி.ஐ. பிரிவுகளின் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றே.

இரண்டாவது வகை, ஆத்தூர் முதல் சேலம் வரை பரவியுள்ள ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இவற்றுக்கு ஒரு பொதுச் சந்தையாக இருப்பதால், ஒவ்வோர் ஆலையாகத் தேடி அலையாமல் பலரை ஒரே இடத்தில் சந்திக்கலாம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதால், தரச் சோதனை தெரிந்த ஆட்களின் தேவையைப் பற்றி இந்த ஆலைகளிடம் பேச இது நல்ல நேரம்.

மூன்றாவது வகை, செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வீட்டுக்கு வீடு நடக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும், இளம்பிள்ளைப் பகுதியின் தறிகளும். நான்காவது, சங்ககிரியை மையமாகக் கொண்ட லாரித் தொழில். ஐந்தாவது, ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களும் விடுதிகளும். ஒவ்வொன்றிலும் முதலாளி வேறு, பருவம் வேறு, பேச்சும் வேறு.

ஒரே பயிற்சி நிலையம் ஐந்துக்கும் பயிற்சி தர முயல வேண்டியதில்லை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாணவர் சென்று சேரக்கூடிய தொழில்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மேட்டூர்ப் பையனை ஆத்தூர் ஆலைக்குப் பழக அனுப்பும் திட்டம் காகிதத்தில் மட்டுமே ஓடும்.

தேவையை எப்படி அறிவது? படிவம் அனுப்பினால் போதாதா?

போதாது. படிவம் அலுவலகத்துக்குப் போகும், கணக்கர் நிரப்புவார், "திறமையான, ஒழுக்கமுள்ள, நேரம் தவறாத ஆட்கள் தேவை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதை வைத்து ஒரு பாடவேளையைக்கூட மாற்ற முடியாது.

நேரில் போனால் மூன்று விவரங்களைக் கேட்க வேண்டும். கடந்த ஓராண்டில் எந்த இடத்துக்கு எத்தனை பேரைப் புதிதாக எடுத்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? அடுத்த மூன்று ஆண்டில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். ஆனாலும் யாரும் அதைக் கேட்பதில்லை. இரண்டாவது கேள்விக்கான பதில் சங்கடமாக இருக்கும். எடுத்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்றால் அங்கே குறை பயிற்சியில் இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பளத்திலோ ஷிப்டிலோ இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்துக்காகப் புதுப் பிரிவு தொடங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகவே முடியும்.

அமெரிக்காவில் 2018இல் இயற்றப்பட்ட தொழிற்கல்விச் சட்டம், நிதி பெறும் உள்ளூர்க் கல்வி அமைப்பு ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையை மதிப்பிட வேண்டும் என்றும், அதில் வேலை தருபவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் இரண்டு ஆண்டு என்ற இடைவெளி நியாயமானது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழு, மாவட்டத் தொழில் மையம், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஆகியவற்றிடமும் விவரம் உண்டு. அவற்றை வாங்கிக்கொண்டு நேரில் போனால் கேள்விகள் கூர்மையாக இருக்கும்.

முதலாளியிடம் பேசுவதா, மேஸ்திரியிடம் பேசுவதா?

இருவரிடமும் பேச வேண்டும்; ஆனால் பாடத்திட்டத்தைப் பற்றி மேஸ்திரியிடம்தான் பேச வேண்டும்.

ஒரு ஜவ்வரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். முதலாளியிடம் கேட்டால் "நல்ல எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வேண்டும்" என்பார். உள்ளே போய் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் கதை வேறாக விரியும். தோலுரித்த மரவள்ளிக் கிழங்கை அரைத்து எடுக்கும் பால் நேரத்தோடு தொட்டிக்குப் போய்ப் படிய வேண்டும். தாமதமானால் புளித்துவிடும், மாவின் நிறமும் விலையும் இறங்கும். ஈரமும் மாவும் எப்போதும் படிந்துகொண்டே இருக்கும் இடத்தில் அரவை இயந்திரத்தின் பேரிங் தேய்கிறது, மோட்டார் சூடேறுகிறது. எனவே அவருக்குத் தேவைப்படுபவர், இரவு 2 மணிக்குச் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று அறிந்து, பெல்ட்டைக் கழற்றி, மாற்றிப் பூட்டி, பால் புளிப்பதற்குள் மறுபடி ஓட்டிவிடக்கூடிய ஆள். அது பாதி ஃபிட்டர் வேலை, பாதி எலக்ட்ரீஷியன் வேலை. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் உள்ள ஆலையாக இருந்தால் அந்தக் கலனைக் கவனிப்பதும் அவர் தலையில்தான் விழும். இப்படி ஒரு வேலை இருப்பது எந்தப் பிரிவின் பெயரிலும் தெரியாது.

இதை முறையாகச் செய்ய டேக்கம் என்றொரு வழி கனடாவில் 1960களின் பிற்பகுதியில் உருவாகிப் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அந்த வேலையைத் திறம்படச் செய்துவரும் 5 முதல் 12 பேரை, வழக்கமாக இரண்டு நாள் உட்கார வைத்து, அவர்களுடைய கடமைகளையும் ஒவ்வொரு கடமையிலும் அடங்கிய பணிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிச் சுவரில் அட்டைகளாக ஒட்டுவார்கள். ஒரு வேலையை அதைச் செய்பவரை விட நன்றாக வேறு யாரும் விவரிக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மேஸ்திரியை ஓசியில் உட்கார வைக்கக் கூடாது.

ஆலோசனைக் குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

எட்டு அல்லது ஒன்பது பேர். அதில் பாதிக்கு மேல் வெளியாட்கள். வெளியாட்களில் குறைந்தது இருவர் மேற்பார்வையாளர் நிலையில் உள்ளவர்கள். ஒருவர், அதே நிலையத்தில் படித்து இப்போது வேலையில் இருக்கும் பழைய மாணவர். ஆண்டுக்கு மூன்று கூட்டம் போதும். சால்வையும் நினைவுப் பரிசும் வேண்டாம். பொதுத்துறை–தனியார் கூட்டு முறையில் மேம்படுத்தப்பட்ட அரசு ஐ.டி.ஐ.களில் தொழில்துறைப் பிரதிநிதியைத் தலைவராகக் கொண்ட நிலைய மேலாண்மைக் குழு ஏற்கெனவே உண்டு. அங்கே புதிதாக இன்னொரு குழு அமைப்பதை விட, அந்தக் குழுவைக் கூட்டி வேலை செய்ய வைப்பதே சரி.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

"இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்ற வரி இருக்கும் ஒப்பந்தம் புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். எண்ணும் பெயரும் தேதியும் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தப் பிரிவிலிருந்து எத்தனை மாணவர், எந்த இயந்திரத்தில், யாருடைய பொறுப்பில் பழகுவார்கள். காலணி, கண்ணாடி, கையுறை யார் செலவு. மதிய உணவு உண்டா. காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது. பழகுநர் காலம் முடிந்தபின் எத்தனை பேரை என்ன தொடக்கச் சம்பளத்தில் எடுப்பது நிறுவனத்தின் நோக்கம். மாணவரைக் கூட்டிப் பெருக்கவோ டீ வாங்கவோ நிறுத்தினால் யாரிடம் சொல்வது. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றும். பயிற்சியைப் பாதியில் விட்ட மாணவர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

பாடத்திட்டம் தில்லியிலிருந்து வருகிறது. நாங்கள் அதில் எதை மாற்ற முடியும்?

ஐ.டி.ஐ. பிரிவுகளின் பாடத்திட்டமும் தேர்வும் தேசிய அளவில் வகுக்கப்பட்டவை; அவற்றைத் தொட முடியாது. தொடக்கூடியவை வேறு. பயிற்சி வேலைக்கு எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது பயிற்றுநரின் கையில் இருக்கிறது. ஃபிட்டர் மாணவர் எப்படியும் ராவி, துளையிட்டு, பொருத்திப் பார்க்க வேண்டும். பயனற்ற சதுரக் கட்டைக்குப் பதிலாக அரவை இயந்திரத்தின் தேய்ந்த தண்டையோ தறியின் ஒரு பாகத்தையோ கொடுத்தாலும் தேர்வுக்கான திறன் அதேதான். அடுத்தது, 2016 முதல் நடைமுறையில் உள்ள இருமுறைப் பயிற்சித் திட்டம். அதில் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை நிறுவனத்திலேயே கழிக்கலாம். இவை தவிர, நிறுவனத்தின் தேவைக்கேற்பக் குறுகிய காலப் படிப்புகளைத் தனியாக நடத்தலாம். தன்னாட்சி பெற்ற பாலிடெக்னிக்குகளுக்கு இதை விட இடம் அதிகம்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877.43 கோடி ரூபாய் மதிப்பில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொழில் 4.0 எனப்படும் கணினிவழித் தானியங்கி உற்பத்தியின் தரத்துக்கு மேம்படுத்தும் திட்டம், 2022இல் ஒப்பந்தமானது. ரோபோவும் கணினிவழி இயந்திரமும் வந்துவிட்ட நிலையங்களில் கேட்க வேண்டிய கேள்வி, இவற்றைக் கற்ற மாணவருக்கு அருகில் எந்த ஆலையில் இடம் இருக்கிறது என்பது. சேலத்தில் இடம் குறைவு, ஓசூரிலும் கோவையிலும் அதிகம் என்றால் அதை மாணவரிடமும் பெற்றோரிடமும் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும்.

லாரித் தொழிலுக்கு மெக்கானிக் பிரிவு போதுமே, புதிதாக என்ன வேண்டும்?

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் லாரிகள், புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.-6 தரத்தவை. புகைபோக்கியில் யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு, சென்சார்கள், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் அவற்றில் உண்டு. வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால் முதலில் ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பேனர். சங்ககிரிப் பட்டறைகளில் கைவேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. மாணவர் அவர்களிடம் எஞ்சின் பழகட்டும். மின்னணுப் பகுதியை நிலையம் கற்பித்து அனுப்பட்டும். அதையே மாலை வகுப்பாக மூத்தவர்களுக்கும் நடத்தினால் பட்டறைக் கதவுகள் தாமாகவே திறக்கும்.

தொழில்பழகுநர் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ், 2019 விதித் திருத்தத்தின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். அந்தத் திருத்தம் வகுத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை, கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாயில் தொடங்கிப் பட்டதாரிக்கு 9,000 ரூபாய் வரை செல்கிறது, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், ஒன்றிய அரசு ஏற்கிறது. ஒப்பந்தம் எழுதும் நாளில் நடப்பில் உள்ள தொகையை அரசின் தொழில்பழகுநர் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு முதலாளிகள் அஞ்சுவது பணத்துக்காக மட்டுமல்ல. ஒரு முறை பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் நிரந்தரமாக்கச் சொல்வார்களோ, பி.எஃப். கேட்டு ஆய்வாளர் வருவாரோ என்ற அச்சமே பெரிது. சட்டத்தின் பார்வையில் பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய வேலை கொடுக்கும் கட்டாயம் இல்லை. அதே சமயம் பாதுகாப்பு, உடல்நலம், விபத்து இழப்பீடு பற்றிய கடமைகள் முதலாளிக்கு முழுமையாக உண்டு. இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி ஆள் சேர்க்கும் முகவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சி நிலையத்தின் வாசலுக்குள் விடாதிருப்பது நலம்.

எங்கள் ஊரில் எல்லாம் வெள்ளிப் பட்டறைகள். ஒரு பட்டறையில் இரண்டு மூன்று பேர்தான். அவர்களோடு எப்படித் திட்டமிடுவது?

இதுவே சேலத்துக்கு உரிய உண்மையான கடினமான கேள்வி. மேலே சொன்ன சட்டம் நான்கு பேருக்குக் கீழே இறங்குவதில்லை. கொலுசுத் தொழிலோ துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது: ஒரு வீட்டில் உருக்குகிறார்கள், இன்னொரு வீட்டில் கம்பி இழுக்கிறார்கள், வேறொரு வீட்டில் பெண்கள் வளையம் கோத்துப் பற்றவைக்கிறார்கள், சலங்கை கட்டுவது ஒருவர், மெருகிடுவது ஒருவர். வெள்ளி எடை போட்டுக் கொடுக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்கப்படுகிறது. சேதாரம் கழித்துக் கூலி தீர்க்கப்படுகிறது. அந்தத் தராசின் முன் நிற்கும் பழகுநர் கையில் ஒரு சிட்டிகை குறைந்தாலும் அது யார் கணக்கில் போகும் என்ற கேள்வி எழும். பட்டறைக்காரர் வெளிப்பிள்ளையை உள்ளே விடத் தயங்குவதற்கு முதற்காரணம் இதுதான். இரண்டாவது காரணம், தொழில் கற்றவர் நாளை பக்கத்துத் தெருவிலேயே பட்டறை போட்டுவிடுவார் என்பது.

எனவே இங்கே பட்டறைகளைத் தனித்தனியாகச் சேர்ப்பதை விட, சங்கத்தின் பெயரில் ஒரு பொதுப் பயிற்சிக் கூடம் அமைப்பதே நடக்கும். முதல் சில மாதங்கள் செம்பிலும் பித்தளையிலும் பழகலாம். எடைத் தகராறுக்கு இடமில்லை. வெள்ளிக்கு வரும்போது சங்கமே ஒரு சிறு இருப்பைப் பயிற்சிக்கென ஒதுக்கிச் சேதாரத்தைத் தன் கணக்கில் ஏற்க வேண்டும். கற்பிக்க வேண்டியவற்றில் பட்டறை தராதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்: தூய்மையைச் சோதித்தல், சேதாரக் கணக்கை எழுத்தில் வைத்தல், கணினியில் வடிவம் வரைதல், அச்சு எடுத்தல், காட்மியம் கலந்த பற்றாசின் (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவையின்) புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பதும் காற்றோட்டத்தை எப்படி அமைப்பது என்பதும். பற்றவைப்பதில் கைத்திறத்தை அந்தத் தெருவின் மூத்தவர்கள்தான் தர முடியும்; அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவது அபத்தம். மணிக்கணக்கில் மதிப்பூதியம் கொடுத்து விருந்துப் பயிற்றுநராக அழைக்கலாம்.

தறிக்கும் ஏறத்தாழ இதே வழி பொருந்தும். அங்கே 1960 முதல் சேலத்தில் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பக்கத்திலேயே இருப்பது கூடுதல் வசதி.

18 வயது நிறையாத மாணவரை ஆலைக்கு அனுப்பலாமா?

14 வயது நிறைந்தவர் பழகுநராகலாம். ஆனால் ஆபத்தான தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. உருக்காலை, இரசாயன ஆலை போன்றவற்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பள்ளித் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களைப் பார்வையிட அழைத்துச் செல்லலாம். இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது.

ஏற்காட்டில் என்ன செய்ய முடியும்?

முதலில் பருவத்தைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்திலிருந்து விளைகிறது. பெரும்பாலும் அராபிக்கா வகை. பழம் பறிப்பு ஏறத்தாழ நவம்பரில் தொடங்கித் தைக்குப் பிறகு முடியும். அதைத் தொடர்ந்து, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகு. விடுதிகளுக்கோ ஏப்ரலும் மேயும்தான் உச்சம். ஆகவே தோட்டப் பயிற்சியின் செய்முறைப் பகுதி நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையிலும், விடுதிப் பயிற்சியின் செய்முறைப் பகுதி கோடையிலும் விழ வேண்டும். இரண்டுக்குமான வகுப்பறைப் பாடங்களை ஜூன் முதல் அக்டோபர் வரை வைத்துக்கொள்ளலாம். சமவெளியின் கால அட்டவணையை அப்படியே மலைக்கு ஏற்றினால், பறிப்பு மும்முரமாக இருக்கும்போது மாணவர் தேர்வெழுதிக்கொண்டிருப்பார். தோட்டக்காரருக்கு நேரம் இருக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்றதும் பறிப்பாட்களை நினைப்பார்கள். பறிப்புக்குப் பாடத்திட்டம் தேவையில்லை. நிழல் மரங்களைக் கழிக்கத் தெரிந்தவர், செடியின் அடித்தண்டைப் பார்த்தே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு புகுந்திருப்பதைச் சொல்லக்கூடியவர், பழத்தோல் நீக்கும் இயந்திரத்தைக் கழற்றி இடைவெளியைச் சரிசெய்யத் தெரிந்தவர், களத்தில் உலரும் கொட்டையின் ஈரப்பதத்தை அளந்து எப்போது மூட்டை கட்டலாம் என்று முடிவெடுப்பவர் ஆகியோரே குறைந்துவருகிறார்கள். இயந்திரத்தின் இடைவெளி சற்றே நெருங்கினால் கொட்டை நசுங்கும்; தளர்ந்தால் பழம் தோலோடு வெளியேறும். இந்த ஒரு சரிசெய்தலைக் கற்றவருக்குப் பருவம் முழுவதும் பல தோட்டங்களில் வேலை உண்டு. ஏற்காட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை இதில் சேர்த்துக்கொள்வது இயல்பு.

விடுதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலைக்கிராமங்களின் மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு விடுதியில் கிடைப்பது பெரும்பாலும் அறை துடைக்கும் வேலையும் தோட்ட வேலையும்தான். முன்மேசையிலும் சமையலறைத் தலைமையிலும் வெளியூர்க்காரர்கள். பயிற்சித் திட்டம் இந்த வரிசையை மாற்றாவிட்டால், ஏற்கெனவே கிடைக்கும் வேலைக்கு ஒரு சான்றிதழைச் சேர்த்துக்கொடுத்ததாகவே ஆகும். விடுதி உரிமையாளரிடம் பேசும்போது, முன்மேசைக்கும் உணவுத் தயாரிப்புக்கும் எத்தனை உள்ளூர் ஆட்களை எடுப்பீர்கள் என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

போக்குவரத்தையும் மறக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தினமும் இறங்கிச் சேலத்தில் படித்து மாலை திரும்புவது, மலைமேல் உள்ள கிராமத்துப் பெண்களுக்குக் கடைசிப் பேருந்தைப் பொறுத்தது. வகுப்பு முடியும் நேரத்தைப் பேருந்து அட்டவணையைப் பார்த்து வையுங்கள். முடியாவிட்டால் மேலேயே நடத்துங்கள்.

நிறுவனங்கள் பழைய இயந்திரங்களைத் தானமாகத் தருகின்றன. வாங்கிக்கொள்ளலாமா?

உதிரிப் பாகம் கிடைக்குமா, அந்த இயந்திரம் இன்றும் எந்த ஆலையிலாவது ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்து, இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள். கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கென்றால் ஓடாத இயந்திரமும் பயன்படும். மற்றபடி, அவர்களின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இனி உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பயிற்றுநர்களே ஆலைக்குள் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்ன செய்வது?

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஆலையில் நிற்க வைப்பதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுதிவிடுங்கள். பார்வையாளராக அல்ல, பராமரிப்புக் குழுவில் ஒருவராக. ஆலையின் ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்தோடு அது பொருந்திவந்தால் இயந்திரம் முழுவதும் திறந்த நிலையில் பார்க்கக் கிடைக்கும். அதற்கு ஈடாக ஆலையின் ஃபோர்மேன் பருவத்துக்கு நான்கைந்து வகுப்புகள் எடுக்கட்டும். ஃபோர்மேன்களில் பலருக்கு மேடைப் பேச்சு வராது. பட்டறையில் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

பெண்கள் சேர்ந்தாலும் நிறுவனங்கள் எடுப்பதில்லை என்கிறார்கள்.

எடுக்காததற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லை என்பது காரணமானால், அவற்றைக் கட்டிய பிறகே ஒப்பந்தம் என்று சொல்லலாம். இரவு ஷிப்ட் காரணமானால் தரச்சோதனை, பேனல் வயரிங், கணினிவழி இயந்திர இயக்கம் போன்ற பகல் வேலைகளில் தொடங்கலாம். ஒருவரை மட்டும் தனியாக அனுப்பாமல் மூவர் நால்வராக அனுப்புங்கள். தனியாகப் போனவர் நிலைத்து நிற்பது அரிது. "எங்கள் வேலை பெண்களுக்குச் சரிவராது" என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தோடு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

என் மகன் ஐ.டி.ஐ. சேர்ந்தால் அதோடு படிப்பு நின்றுவிடுமா?

நிற்காது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, இரண்டிலும் ஐ.டி.ஐ. அடங்கும். பெற்றோர் சேர்க்கையின்போது நிலையத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: போன ஆண்டு இந்தப் பிரிவில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பெயர் பெயராகச் சொல்லத் தெரிந்த நிலையத்தில் சேருங்கள்.

பெரிய ஆலை ஒன்று எங்கள் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்கிறது. அவர்களோடு மட்டும் போகலாமா?

பணத்தை வாங்கிக்கொள்ளலாம், பாடத்தை முழுவதும் ஒப்படைக்கக் கூடாது. ஒரே ஆலையின் இயந்திரத்தை மட்டும் ஓட்டத் தெரிந்தவர், அந்த ஆலை ஆள் எடுப்பதை நிறுத்தும் ஆண்டில் செல்ல இடமில்லாமல் நிற்பார். எஃகுத் தொழிலில் சந்தை ஏறி இறங்குவது புதிதல்ல. மூன்று மாதத்தில் முடியும் குறுகிய படிப்பானால் ஒரு நிறுவனம் போதும். இரண்டாண்டுப் பிரிவானால் குறைந்தது நான்கைந்து நிறுவனங்கள், அவற்றில் இரண்டு வேறு தொழிலைச் சேர்ந்தவை.

திட்டம் பலன் தருகிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

முகாம் நாளில் கொடுத்த பணி ஆணைகளை எண்ணாதீர்கள். முடித்து 12 மாதம் கழித்து எத்தனை பேர் கற்ற தொழிலிலேயே இருக்கிறார்கள், மாதச் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் போட்ட நிறுவனம் சொன்ன எண்ணிக்கையில் எடுத்ததா என்ற மூன்றையும் தொலைபேசியில் கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். வேலையை விட்டவர்களிடம் ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக அதை வையுங்கள்.

ஒரு பிரிவை எப்போது மூடுவது?

தொடர்ந்து இரண்டு ஆண்டு எந்த உள்ளூர் நிறுவனமும் எழுத்தில் ஓரிடம்கூடத் தராவிட்டால், புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பவர்களை முடிக்க வைக்க வேண்டும். பயிற்றுநரின் வேலை போய்விடுமே என்பதற்காகப் பிரிவை இழுத்துக்கொண்டே போவது பல இடங்களில் நடக்கிறது. அவரை அருகிலுள்ள பிரிவுக்கு மறுபயிற்சிக்கு அனுப்பும் முடிவையும், இயந்திரங்களை எந்த நிலையத்துக்கு மாற்றுவது என்ற முடிவையும் ஜனவரிக் கூட்டத்திலேயே எடுத்துவிட்டால், கோடையில் சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன் விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்தப் பிரிவின் பெயரை நீக்க நேரம் இருக்கும்.